அறுபதாயிரம் யூனிட்டும் உச்சி வெயிலும்

கோயம்புத்தூர் காந்திபுரமோ ஈரோடு பன்னீர்செல்வம் பார்க்கோ, எந்த மெடிக்கலில் போய் நின்றாலும் கடைக்காரரின் கைக்கு எட்டும் இடத்தில் அந்தச் சின்ன அட்டைப்பெட்டி இருக்கும். உள்ளே விரல் நீளத்துக்குப் பாக்கெட்டுகள். கிழித்தால் ஒரு கிராம் எடையில் இனிப்பான குருணை. கால்சிரால், டி-ரைஸ், அப்ரைஸ் டி3 என்று கம்பெனிக்கொரு பெயர். சிலது பாக்கெட், சிலது கேப்சூல், இப்போது ஒரே மடக்கில் குடித்துவிடும் குட்டி பாட்டில்களும் வந்துவிட்டன. கேட்பவர்களுக்கு எல்லாமே "டி3 பாக்கெட்"தான். "ஏனுங், இது தெனமும் போடோணுங்களா?" என்று கேட்டால், "இல்லீங்க, வாரத்துக்கு ஒண்ணு, பால்ல கலக்கிக் குடிங்க" என்பார் கடைக்காரர். அந்தக் கேள்வியைக் கேட்காமலே வாங்கிப் போகிறவர்களும் உண்டு. அவர்களைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பாக்கெட்டின் மேல் 60,000 யூனிட் என்று அச்சாகியிருக்கும். எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். வைட்டமின் டி-யில் 40 யூனிட் சேர்ந்தால்தான் ஒரு மைக்ரோகிராம். ஆக, அந்த ஒரு கிராம் குருணையில் மருந்து ஒன்றரை மில்லிகிராம், மீதியெல்லாம் சர்க்கரையும் சேர்மானமும். அதற்காக அலட்சியமும் கூடாது. ஐ.சி.எம்.ஆரும் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவை 600 யூனிட். நூறு நாள் தேவையை ஒரே டம்ளரில் குடிக்கிறோம்.

வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத கொங்கு நாட்டில் இந்த மருந்து இவ்வளவு ஓடுவது ஏன்? அது செய்வதாகச் சொல்லப்படும் வேலையைச் செய்கிறதா? கெடுதல் என்ன, மாற்று என்ன? கடந்த பதினைந்து ஆண்டுகளில் உலகெங்கும் நடந்த பெரிய சோதனைகள் இவற்றில் பலவற்றுக்குத் தெளிவான விடை தந்துவிட்டன. அந்த விடைகள் நம் ஊர் மருந்துச் சீட்டுவரை வந்து சேரவில்லை என்பதே என் குறை. எலும்புக்குப் பற்றாக்குறை உள்ளவருக்கு இது உயிர் மருந்து. அசதி, முடி கொட்டுதல், முதுகுவலி என்று வந்து நிற்கிற எல்லாருக்கும் எழுதித் தரும் பொது மருந்தாக இதற்குத் தகுதி இல்லை.

வெயிலிலிருந்தே தொடங்கலாம். கோவை கிட்டத்தட்ட 11 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. தோலில் வைட்டமின் டி உண்டாக்குவது சூரியனின் புற ஊதாக் கதிர்களில் 'பி' வகை. சூரியன் தாழ்ந்திருக்கும்போது அந்தக் கதிர் வளிமண்டலத்திலேயே பெரும்பாலும் வடிந்துவிடும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை எவ்வளவு நேரம் வெயிலில் நின்றாலும் தோலில் வைட்டமின் டி உருவாவதில்லை என்று மைக்கேல் ஹோலிக் குழுவினர் 1988இல் காட்டினார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. மார்கழி நண்பகலில்கூடக் கோவையில் நம் நிழல் நம்மைவிடக் குட்டையாகவே விழும். நிழல் ஆளைவிடக் குட்டையாக இருக்கிறதென்றால், தோலுக்கு வேலை நடக்கிறது என்று பொருள்.

இங்கேதான் நம் வீட்டு வழக்கம் ஒன்று இடறுகிறது. பிறந்த குழந்தைக்கு எண்ணெய் தேய்த்து இளவெயிலில் காட்டுவோம். பெரியவர்களும் காலை ஆறரைக்கு ரேஸ்கோர்ஸில் நடந்துவிட்டு, "டி கிடைச்சிருச்சு" என்று திருப்தியாக வீடு திரும்புவார்கள். நடை நல்லது, இளவெயிலின் சுகமும் நல்லது, ஆனால் அதில் வைட்டமின் டி சொற்பம். சி.வி.ஹரிநாராயண் குழு நமக்குச் சற்று வடக்கே திருப்பதியில் செய்த ஆய்வில், பகல் 11 மணியிலிருந்து 2 மணிக்குள்தான் உற்பத்தி உச்சத்தில் இருந்தது. அதாவது "வெயில்ல அலையாதே" என்று அம்மா கத்தும் நேரம். கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயில் சூட்டைத் தரும், இந்தக் கதிரைத் தராது. கறுத்த தோலுக்கு வெளுத்த தோலைவிடக் கூடுதல் நேரமும் பிடிக்கும்.

அந்த மூன்று மணி நேரத்தில் கொங்கு நாட்டு மக்கள் எங்கே இருக்கிறார்கள்? தாராபுரம், காங்கேயம் பக்கம் வெள்ளாமைக் காட்டில் இருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை பெரும்பாலும் வேண்டியதில்லை. திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வாருங்கள். ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவர் காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரை ஒன்பதுக்குத்தான் வெளியே வருகிறார். போகும்போது வெயில் சாய்வு, வரும்போது தெருவிளக்கு. நூற்பாலையில் இன்னும் மோசம். நூல் அறுந்துபோகாமலிருக்க ஈரப்பதத்தைக் கட்டுக்குள் வைக்க வேண்டும், அதனால் ஜன்னல் என்பதே பேருக்குத்தான். ஆலை வளாகத்துக்குள்ளேயே ஹாஸ்டல், நைட் ஷிப்ட் முடிந்தால் பகலில் தூக்கம். சோமனூர், பல்லடம் விசைத்தறிக் கூடத்திலும் சரவணம்பட்டி ஐ.டி. கட்டடத்திலும் கூரை ஒன்றேதான், வேறுபாடு ஏ.சி. மட்டும்.

இது ஊகப் பேச்சு அல்ல. டெல்லியில் ஆர்.கோஸ்வாமி குழு 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், மருத்துவமனைக்குள்ளேயே பகலைக் கழிக்கும் டாக்டர்கள், நர்ஸ்களின் வைட்டமின் டி அளவு பரிதாபமாக இருந்தது. வெட்டவெளியில் பயிற்சி செய்யும் ராணுவ வீரர்களுக்கு அதே ஊரில் நன்றாக இருந்தது. ஹரிநாராயண் 2007இல் வெளியிட்ட தென்னிந்திய ஆய்வு இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னது: நம் சாப்பாட்டில் கால்சியம் குறைவு, தானியங்களில் இருக்கும் பைட்டேட் அந்தக் கொஞ்சத்தையும் பிடித்துவைத்துக்கொள்கிறது. கால்சியம் போதாதபோது உடம்பு வைட்டமின் டி-யையும் வேகமாகச் செலவழிக்கும். களியும் கம்மஞ்சோறும் போய் மூன்று வேளையும் பட்டை தீட்டிய அரிசி வந்த பிறகு நிலைமை முன்னேறியிருக்க வழியில்லை. நூறு கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது, அரிசியில் அதில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது.

பற்றாக்குறை இருக்கிறது, சரி. எவ்வளவு பேருக்கு? இதற்கு விடை, எந்த எண்ணில் கோடு கிழிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. இந்த மருந்தின் வியாபாரமே அந்தக் கோட்டில்தான் நிற்கிறது.

ரத்தத்தில் பார்ப்பது 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி என்ற சேமிப்பு வடிவத்தை. அமெரிக்க மருத்துவக் கழகம் 2010 நவம்பரில் வெளியிட்ட அறிக்கையில், மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் இருந்தால் ஏறக்குறைய எல்லாருடைய எலும்புக்கும் போதும் என்றது. கூர்ந்து கவனிக்க வேண்டிய இடம் இது. 20 என்பது பெரும்பான்மையோருக்குத் தேவைப்படும் அளவே அல்ல. பாதிப் பேருக்கு 16-லேயே தேவை தீர்ந்துவிடும். அடுத்த ஆண்டே அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம் வேறு கோடு போட்டது: 20-க்குக் கீழே பற்றாக்குறை, 21 முதல் 29 வரை போதாமை, 30 இருந்தால்தான் நிறைவு. நம் லேப்கள் ஒட்டுமொத்தமாக இந்த இரண்டாவது கோட்டைப் பிடித்துக்கொண்டன. மாஸ்டர் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டில் 24 என்று வந்தால் தடித்த எழுத்து, பக்கத்தில் "குறைவு" என்று ஒரு குறி. ரிப்போர்ட்டைப் பிரித்த மனிதர் அன்றைக்கு நோயாளி ஆகிறார்.

கோடு மாறினால் கணக்கு எப்படி மாறுகிறது என்று பாருங்கள். 2016 முதல் 2018 வரை நாடு முழுக்க நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு, 12-க்குக் கீழே இருந்தால்தான் பற்றாக்குறை என்று கண்டிப்பாக எடுத்துக்கொண்டது. அதன்படி ஒன்றிலிருந்து நாலு வயதுவரை 14 சதவீதம், ஐந்திலிருந்து ஒன்பதுவரை 18, பத்தொன்பது வயதுவரையுள்ள வளரிளம் பருவத்தினரில் 24 சதவீதம். இது சின்ன எண் இல்லை, அக்கறை கொள்ள வேண்டிய எண். ஆனால் "பத்தில் எட்டு இந்தியருக்கு டி இல்லை" என்று கம்பெனி விளம்பரத் தட்டி சொல்வதற்கும் இதற்கும் நடுவே பெரிய இடைவெளி. இதில் வேடிக்கை, 30 என்ற கோட்டைப் போட்ட அதே சங்கம் 2024இல் வெளியிட்ட புதிய வழிகாட்டுதலில் அந்தக் கோட்டைக் கைவிட்டுவிட்டது. நோயில்லாத பெரியவர்களுக்கு இந்த ரத்தப் பரிசோதனையை வழக்கமாகச் செய்யவே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டது. நம் ஹெல்த் செக்கப் பேக்கேஜ்களுக்கு அந்தச் செய்தி எட்டவில்லை.

இனி மருந்தின் பலன். முதலில், சந்தேகமே இல்லாத இடங்கள். குழந்தைகளுக்கு வரும் ரிக்கெட்ஸ், பெரியவர்களுக்கு வரும் எலும்பு மென்மை நோய் இரண்டுக்கும் இதைவிட நேரடியான மருந்து இல்லை. எலும்பு மென்மை நோய் மூட்டுத் தேய்மானம் என்ற பெயரில் ஆண்டுக்கணக்கில் ஏமாற்றும். இந்த நோய் உள்ள ஓர் அம்மாவுக்குத் தரையில் உட்கார்ந்தால் எழ முடியாது, கையை ஊன்றிச் சுவரைப் பிடித்துத்தான் எழுவார். படி ஏறத் தொடை ஒத்துழைக்காது. கணைக்கால் எலும்பின் மேல் கட்டைவிரலால் அழுத்தினால் முகம் சுளிப்பார். ரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்படேஸ் ஏறியும் பாஸ்பரஸ் இறங்கியும் இருக்கும். இந்த நோயாளிக்கு வாரம் ஒரு பாக்கெட்டாக எட்டு வாரம், கூடவே கால்சியம் என்று கொடுத்தால் நடை திரும்புவதைக் கண்முன்னே பார்க்கலாம். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு முதல் ஆண்டில் தினமும் 400 யூனிட் சொட்டு மருந்து என்பதும் விவாதத்துக்கு அப்பாற்பட்டது, தாய்ப்பாலில் இந்த ஒரு சத்து போதாது. எலும்புப்புரைக்கு ஜோலெட்ரோனிக் ஆசிட், டெனோசுமாப் போன்ற ஊசி போடுவதற்கு முன்னும் டி அளவைச் சரிசெய்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ரத்தக் கால்சியம் ஆபத்தாக இறங்கும். வலிப்பு மாத்திரை நெடுநாள் சாப்பிடுபவர்கள், குடல் அறுவை செய்துகொண்டவர்கள், ஸ்டீராய்டில் இருப்பவர்கள் இந்தப் பட்டியலில் சேர்வார்கள்.

இதற்கு வெளியே வந்தால் படம் மாறுகிறது. இதயம், புற்றுநோய், சர்க்கரை, சளிக்காய்ச்சல், மனச்சோர்வு என எதிலெல்லாம் டி குறைவு காணப்பட்டதோ அதற்கெல்லாம் டி மருந்தாகும் என்று 2000-களில் ஒரு பெரிய நம்பிக்கை எழுந்தது. நோயாளி வீட்டுக்குள் முடங்கிக் கிடப்பதாலேயே டி குறையலாமே என்ற எதிர்க்கேள்வியைக் கேட்டவர்கள் குறைவு. அமெரிக்காவில் 25,871 பேரை வைத்து நடந்த 'வைட்டல்' சோதனையில் தினமும் 2,000 யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய் வருவதும் குறையவில்லை, மாரடைப்பும் குறையவில்லை. 2022இல் அதே சோதனையிலிருந்து வந்த எலும்பு முறிவுக் கணக்கும் கையை விரித்தது. தன்னெதிர்ப்பு நோய்கள் மட்டும் 22 சதவீதம் குறைந்தன. அதை ஒரு நல்ல குறிப்பாக வைத்துக்கொள்ளலாம்.

நம் பாக்கெட்டுக்கு நேர் உறவான சோதனை ஆஸ்திரேலியாவில் நடந்தது. 21,315 முதியவர்கள், மாதம் ஒருமுறை அதே 60,000 யூனிட், ஐந்து ஆண்டு. இறப்பு விகிதத்தில் ஒரு மாற்றமும் இல்லை என்று 2022இல் முடிவு வந்தது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருப்பவர்கள் 2,423 பேருக்குத் தினம் 4,000 யூனிட் கொடுத்த 2019ஆம் ஆண்டுச் சோதனை, நோய் வருவதைத் திட்டவட்டமாகத் தடுத்ததாகக் காட்ட முடியவில்லை. பின்னர் இதுபோன்ற சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது சிறு பலன் தெரிந்தது. அதனால் விளிம்பில் இருப்பவர்களுக்கு அந்த 2024ஆம் ஆண்டு வழிகாட்டுதல் இடம் விட்டிருக்கிறது.

"அதெல்லாம் வெள்ளைக்காரன் உடம்பு, ஏற்கெனவே டி நிறைந்த உடம்பு. பல்லடம் மில் பொண்ணுக்கு அந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும்?" என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. 'வைட்டல்' சோதனையில் சேர்ந்தவர்களின் சராசரி அளவு தொடக்கத்திலேயே 30-ஐ ஒட்டி இருந்தது. ஏரி நிறைந்திருக்கும்போது மழை பெய்தால் கலுங்கு வழியாக ஓடிவிடும், பாசனம் கூடாது. ஆனால் வறண்ட ஏரியிலும் பார்த்துவிட்டார்கள். மங்கோலியாவில் 8,851 பள்ளிப் பிள்ளைகள், அவர்களில் 95 சதவீதத்துக்கு மேல் 20-க்குக் கீழே. மூன்று ஆண்டு வாரம் 14,000 யூனிட் கொடுத்தும் காசநோய்த் தொற்று குறையவில்லை, எலும்பு முறிவும் குறையவில்லை. ரத்தத்தில் எண் மட்டும் அழகாக ஏறியது. நம் நாட்டிலேயே, வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் பங்கெடுத்து 247 காசநோயாளிகளிடம் நடத்தி 2015இல் வெளியான சோதனையில், வழக்கமான மருந்தோடு ஒரு லட்சம் யூனிட் வீதம் நான்கு முறை கொடுத்தார்கள். சளியிலிருந்து கிருமி மறையும் வேகம் கூடவில்லை. டெல்லியில் எடை குறைந்து பிறந்த 2,079 குழந்தைகளிடம் நடந்த சோதனையில் இறப்பு குறையாவிட்டாலும் வளர்ச்சி சற்றுத் தேறியது. இதையெல்லாம் சேர்த்து வைத்துப் பார்த்தால், வைட்டமின் டி எலும்பின் மருந்தாக ஜெயிக்கிறது, சர்வரோக நிவாரணியாகத் தோற்கிறது.

பக்க விளைவு. வாரத்துக்கு ஒன்று, எட்டு வாரம், அப்புறம் மாதம் ஒன்று என்ற வழக்கமான முறையில் பெரும்பாலோருக்கு எதுவும் ஆகாது. மாதம் ஒன்று என்பது நாளுக்கு 2,000 யூனிட்தான், பாதுகாப்பு எல்லையான 4,000-க்கு உள்ளேயே அடங்கும். ஆபத்து மூன்று வழிகளில் வருகிறது.

முதல் வழி, "வாரம்" என்பது "தினம்" ஆகிவிடுவது. சீட்டு ஒன்றில் நாலைந்து மருந்து, எல்லாம் தினசரி, நடுவில் இது மட்டும் வாரம் ஒருமுறை. கிறுக்கலான எழுத்து. மாதக்கணக்கில் தினமும் 60,000 உள்ளே போனால் ரத்தக் கால்சியம் ஏறும். ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், குமட்டல் வரும். அதன்பின் ஆள் குழம்பிப் பேசுவார், கிரியாட்டினின் ஏறும். வீட்டார் பக்கவாதம் என்று நினைத்து அழைத்துவருவார்கள். மருந்தை நிறுத்தினாலும் உடனே இறங்காது. கொழுப்பில் தங்கும் பொருள் என்பதால் வாரங்கள், சில வேளை மாதங்கள் பிடிக்கும். ஸ்ரீநகர் மருத்துவர்கள் 2011இல் இப்படிப் பாதிக்கப்பட்ட பத்துப் பேரின் விவரத்தை வெளியிட்டார்கள். பற்றாக்குறை மலிந்த பகுதியிலேயே அளவுக்கு மீறிய மருந்தால் நேர்ந்த விபத்து அது. ஆறு லட்சம் யூனிட் ஊசியை முழங்கால் வலிக்கு மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளும் பழக்கம் நம் பக்கத்துச் சின்ன ஊர்களிலும் உண்டு. என் கருத்தில் அந்த ஊசிக்கு இன்று இடமே இல்லை.

இரண்டாம் வழி நுட்பமானது, அதிகம் கவனிக்கப்படாதது. கால்சியம் மாத்திரை என்று நாம் வாங்குவதில் இரண்டு ஜாதி. ஒன்றில் 500 மில்லிகிராம் கால்சியத்தோடு சாதாரண டி3 கொஞ்சம், 250 யூனிட் போல இருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குத் தினம் இரண்டு கொடுப்பது இந்த வகைதான், சாதுவான மாத்திரை. மற்றதில் கால்சிட்ரியால் இருக்கும். அது சிறுநீரகம் கடைசியாகத் தயாரிக்கும், வீரியம் ஏறிய வடிவம். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு அவசியமான மருந்து. மற்றவர்களுக்கு, உடம்பு தன் தேவைக்கேற்பத் திறந்து மூடும் குழாயைச் சுற்றிப் போய் நேரே ஊற்றுவது போன்ற காரியம். வாரம் ஒரு பாக்கெட்டும் தினம் ஒரு கால்சிட்ரியால் கேப்சூலும் சேர்ந்து ஓடும் சீட்டுகள் சாதாரணம். வழக்கமான 25-ஹைட்ராக்ஸி பரிசோதனையில் கால்சிட்ரியால் தெரியவும் தெரியாது. அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பி எந்த வடிவம் என்று படித்துப் பார்ப்பது அரை நிமிட வேலை.

மூன்றாம் வழி, மற்ற நோய்களும் மருந்துகளும். சார்காய்டோசிஸ், சில வேளை காசநோய் உள்ளவர்களின் உடம்பில் நோய்த்திட்டுகளே வீரியமான டி-யைத் தயாரிக்கும், அவர்களுக்குச் சாதாரண அளவும் மிகையாகும். பிரஷருக்குத் தயாசைடு வகை நீர் மாத்திரை சாப்பிடுபவர்கள், டிஜாக்சின் சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் சொல்ல வேண்டும். சிறுநீரகக் கல் வந்து போனவர்களும்தான். அமெரிக்காவில் 36,282 பெண்களிடம் கால்சியமும் டி-யும் சேர்த்துக் கொடுத்த சோதனையில் கல் வருவது 17 சதவீதம் கூடியது. தைராய்டு மாத்திரை சாப்பிடும் பெண்கள் கால்சியத்தை நாலு மணி நேரமாவது தள்ளிப் போட வேண்டும், இல்லையென்றால் தைராய்டு மருந்து உடம்பில் சேராது, டி.எஸ்.ஹெச். ஏறும், மருந்தின் அளவைக் கூட்டுவார்கள்.

மொத்தமாகக் கொட்டுவது முதியவர்களுக்கு எதிர்விளைவையே தரக்கூடும் என்பது இந்தத் துறையில் பலரையும் திடுக்கிட வைத்த கண்டுபிடிப்பு. ஆஸ்திரேலியாவில் எழுபது வயதைத் தாண்டிய 2,256 பெண்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஐந்து லட்சம் யூனிட் கொடுத்தார்கள். 2010இல் முடிவு வந்தபோது மருந்து சாப்பிட்டவர்களே அதிகம் தடுக்கி விழுந்திருந்தார்கள், எலும்பும் அதிகம் முறிந்திருந்தது. ஜூரிச்சில் இருநூறு முதியவர்களிடம் நடந்து 2016இல் வெளியான சோதனையிலும், மாதம் 24,000 எடுத்தவர்களைவிட மாதம் 60,000 எடுத்தவர்களே அதிகம் விழுந்தார்கள். பாட்டிக்கு மாதாமாதம் ஒரு பாக்கெட் என்று பத்து வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். தினம் 800 அல்லது 1,000 யூனிட் மாத்திரை அவருக்குப் பொருத்தம்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து முழங்கால் வலிக்கு இன்னொரு எச்சரிக்கை உண்டு. அங்கே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு தலைமுறைகளாகப் பல்லையும் எலும்பையும் கெடுத்திருக்கிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரைடு பாதிப்புத் தணிப்பு என்பதும் சேர்ந்திருக்கிறது. 2013இல் காவிரித் தண்ணீர் வந்த பிறகும், முப்பது நாற்பது வருடம் போர்த் தண்ணீர் குடித்த முதுகுகள் அப்படியே இருக்கின்றன. ஃபுளோரைடு நோயில் முதுகு விறைத்துப் போகும், எக்ஸ்ரேயில் எலும்பு வழக்கத்தைவிட வெளுப்பாக, கெட்டியாகத் தெரியும். எலும்பு மென்மை நோயில் நேர் எதிர். கால்சியமும் டி-யும் போதாத உடம்பில் ஃபுளோரைடு இன்னும் மோசமாக வேலை செய்யும் என்பதால் இரண்டும் கலந்தும் இருக்கலாம். டி அளவு 18 என்ற ஒரே எண்ணை வைத்துக்கொண்டு பாக்கெட் எழுதிக் கொடுத்தால், குடிக்கும் தண்ணீரைப் பற்றிய கேள்வி விட்டுப்போகும்.

மாற்றுகளில் சாப்பாட்டைப் பற்றி நிறையப் பேச ஒன்றுமில்லை, ஏனென்றால் சாப்பாட்டில் டி அவ்வளவு இல்லை. இந்தியாவின் முட்டைச் சந்தையே நாமக்கல்லில் இருக்கிறது. ஒரு முட்டையில், அதுவும் மஞ்சள் கருவில், சுமார் 40 யூனிட். நாள் தேவைக்குப் பதினைந்து முட்டை ஆகும். உக்கடம் மீன் மார்க்கெட்டில் வந்திறங்கும் மத்தி இதைவிட நல்ல ஆதாரம். சைவர்களுக்குக் காளான் ஒரு சுவாரசியமான வழி. வேளாண் பல்கலைக்கழகம் பரப்பிய சிப்பிக் காளானோ பால் காளானோ, நறுக்கி உச்சி வெயிலில் கொஞ்ச நேரம் வைத்தால் அதில் டி2 உண்டாகும். டி3 அளவுக்கு அது வேலை செய்யாது என்றாலும் வெறும் காளானைவிட மேல். பிரண்டைத் துவையல், முருங்கைக்கீரை, எள்ளுருண்டை, சித்த மருத்துவத்தின் முத்துச்சிப்பி பற்பம் எல்லாம் கால்சியத்தின் பக்கம். தாராளமாகச் சாப்பிடலாம், டி வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பாக்கெட் மருந்து எதிலிருந்து வருகிறது என்று சைவர்கள் கேட்பதுண்டு. பெரும்பாலும் ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் கொழுப்பிலிருந்து, ஆட்டைக் கொல்லாமல். கற்பாசி (லைக்கன்) வகையிலிருந்து எடுத்ததும் கிடைக்கிறது, விலை கூடுதல்.

செறிவூட்டல் அரசின் வழி. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிப்படி செறிவூட்டிய பாலில் லிட்டருக்கு 200 முதல் 300 யூனிட் டி சேர்க்கலாம், சமையல் எண்ணெயிலும் சேர்க்கலாம். ஆவினின் ஊதா பாக்கெட் அந்த வகை. ஒரு டம்ளர் பாலில் ஐம்பது யூனிட் கிடைத்தாலும் நாளும் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேரும் ஐம்பது அது. பாக்கெட்டின் வெற்றியைவிட இந்தச் சில்லறைக் கணக்கின் மேல் எனக்கு நம்பிக்கை அதிகம். ஆனால் கறந்த பாலை வீட்டு வாசலிலேயே வாங்கும் கொங்கு கிராமங்களுக்கு இது எட்டாது, செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய் வாங்கும் வீடுகளுக்கும் எட்டாது.

ஆக மிஞ்சுவது வெயில். காசில்லை, அளவு மிஞ்சும் ஆபத்தும் இல்லை. தேவைக்கு மேல் உருவானதைத் தோலே உடைத்துவிடும், வெயிலால் யாருக்கும் டி நஞ்சாவதில்லை. முகமும் கையும் காலும் படும்படி உச்சி வேளையில் இருபது முப்பது நிமிடம், வாரத்தில் சில நாள் என்பதே நம் நிறத்தவர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. அக்னி நட்சத்திரத்தில் முதியவர்களை இதற்காக மொட்டை மாடிக்கு ஏற்றுவது மடமை, அவர்களுக்கு மாத்திரையே மேல். திடமாக இருக்கும் இளம் வயதினருக்கு, குறிப்பாக மில்லிலும் கம்பெனியிலும் வேலை செய்யும் பெண்களுக்கு, சட்டமே ஒரு வழி திறந்து வைத்திருக்கிறது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, நடுவே அரை மணி நேரமாவது ஓய்வு விட வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே விதித்தது. அந்தச் சாப்பாட்டு நேரம் பகல் ஷிப்டில் பெரும்பாலும் பன்னிரண்டரைக்கும் ஒன்றரைக்கும் நடுவில்தான் விழுகிறது. இன்றைக்கு அது தகரக் கூரை போட்ட கேன்டீனில் கழிகிறது. சாப்பிட்ட பிறகு உட்கார்ந்து பேச வளாகத்தில் ஒரு திறந்த இடம் விட்டால் நிர்வாகத்துக்குச் செலவு சில சிமெண்ட் பெஞ்சுகள். சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு எலும்பு வலி என்று வரும் தொழிலாளியிடம் "எந்த ஷிப்ட், எங்கே உட்கார்ந்து சாப்பிடுவீங்க?" என்று டாக்டர் கேட்டு, அதன்பின் பாக்கெட் எழுதினால் போதும், பாதிப் பேருக்கு அதை எழுத வேண்டியிருக்காது.